சாரம்

மேல்வரிசையில் நான்கு பற்களை
எஃகு மேசையின் விளிம்பு எடுத்துக்கொண்டது.
ஈரத் தரை, இரவு ஷிஃப்ட், தேய்ந்த ரப்பர் பூட்ஸ்.
வேறு காரணம் இல்லை.
ஈசாஃபியோர்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்,
ஹல்பேரா குடிக்கமாட்டாள்.

பல் போனதுகூடப் பெரிதில்லை என்றார் மருத்துவர் கிங்கா,
எங்கள் மொழியைப் போலந்து வாடையோடு பேசுபவர்.
(அவர் அம்மா
ஒன்பது வருடம் என் பக்கத்து மேசையில் நின்றவள்.)
திரையைத் திருப்பிக் காட்டினார்:
எலி கடித்த சோப்புக்கட்டி போல என் தாடை.
"இதில் எதை நட்டாலும் நிற்காது.
முதலில் நிலம் வேண்டும்."

நிலம் ஒரு சின்னக் குப்பியில் வந்தது.
மாட்டின் எலும்பு, வெந்து வெளுத்து,
உயிரென்று எதுவும் மிஞ்சாத கல்லுப்புத் துகள்கள்.
என் கையில் எடுத்த ரத்தத்தைச் சுழலவிட்டு
மேலே திரண்ட மஞ்சள் கூழில் அதைக் குழைத்தார்.
குழைத்ததை அப்பி, மேலே போர்த்த ஒரு தோல்.

எதன் தோல் என்று கேட்டேன்,
வாயைத் திறந்துவைத்தபடி,
அகரமும் ஆகாரமும் மட்டும் உள்ள மொழியில்.
அவருக்குப் புரிந்தது.
"காட் மீன்."

இருபத்தாறு வருடம்.
கணக்கெழுத மேற்பார்வையாளர் இருந்தார்,
நான் எண்ணியதில்லை.
தலை நீக்கி, வயிறு திறந்து,
தோலை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு
அடுத்ததை எடுப்பேன்.
அந்த இனத்தில் ஒன்று
செதில் உதிர்த்து, கழுவப்பட்டு, காய்ந்து,
என் காயத்தின்மேல் வந்து படுத்துக்கொண்டது.
பழிக்குப் பழியா, பாவமன்னிப்பா?
மரப்பு ஊசி தீரும் நேரத்தில்
இப்படியெல்லாம் தோன்றும்.

உதட்டைத் தூக்கிப் பார்க்காதே என்றார்.
பார்த்தேன்.

மீன் என்ற எங்கள் சொல்
மேல்பல் கீழுதட்டைத் தொட்டுத் தொடங்கும்.
எனக்கு அது தொடங்கவே இல்லை.
கீழுதடு மேலே போய்
எதையோ தேடிவிட்டு இறங்கியது.
பல் போனால் சொல் போச்சு, சரி.
நாள் முழுக்கத் தேவைப்படும் அந்தச் சொல்தானா போகவேண்டும்?
பெல்ட்டைப் பார்த்துக் கை காட்டப் பழகினேன்.

நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போனது.
ஓட்ஸ் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, தயிர்,
மறுபடி கஞ்சி.
ஜனவரியில் வெயில் தெருவுக்குத் திரும்பிய அன்று
ஊர் வழக்கப்படி வீட்டுக்கு வீடு காபி, பான்கேக்.
பான்கேக்குக்குப் பல் வேண்டாம்.
எட்டு தின்றேன்.

கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரிப்பார்கள்.
என் வாயில் பிரிக்க ஆள் வரவில்லை.
துகள்களின் துளைகளில் ரத்தக்குழாய் நுழைந்து,
பின்னாலேயே எலும்பு நுழைந்து,
எழுகிற கட்டடமே சாரத்தைத் தின்கிறதாம்:
மீன்தோலைச் சில வாரங்களில்,
மாட்டை மெதுவாக,
வருடக்கணக்கில், கொஞ்சம் மிச்சம் வைத்து.
வாய்க்குள் வளர்வது
வேறெதைக் கற்றுக்கொள்ளும்?

மே மாதம் துளையிட்டபோது
"ரத்தம் கசிகிறது" என்று சிரித்தார் கிங்கா.
கசிந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள்.
உயிருள்ள எலும்புதான் கசியுமாம்.
இரண்டு டைட்டானியம் திருகுகள்.
மேலும் சில மாதம். பிறகு ஒருநாள்
சந்தையில் பானை வாங்குகிறவள் போல
ஒவ்வொன்றையும் தட்டி, காது சாய்த்துக் கேட்டார்.
அந்த ஓசை
மண்டைக்குள்ளிருந்து எனக்கும் கேட்டது.

புதுப் பற்கள் நாலும் ஏறிய அன்று மாலை
கருவாட்டில் வெண்ணெய் தடவி எடுத்துவைத்தேன்.
முன்பல்லால் கிழிக்காதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.
கையால் பிய்த்து, கடைவாயில் ஒதுக்கி,
இழை இழையாக, அவசரமில்லாமல்.
பொறாமையோடு முன்னால் நின்றன நான்கும்.

திங்கட்கிழமை பெல்ட் வெறுமனே ஓடியது.
"மீன் எங்கே?" என்று கத்தினேன்.
கத்தி முடித்த பிறகுதான்
கீழுதட்டில் பல் பட்டது உறைத்தது.
ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.
கோடியில் நின்ற பையன்
கதவைத் திறந்துவிடப் போனான்.