இரண்டு விரல் பாரம்

காலை எட்டு மணி. ஆல்தாவில் விடியவில்லை.
இனி விடியப்போவதும் இல்லை, ஜனவரி நடு வரை.
க்ரோக்கா மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள்,
கடன்காரன் வீட்டைக் கடப்பதுபோல்
வலது பின்கால் மட்டும்
தரையைத் தொட்டும் தொடாமலும்.

கிழிந்த முட்டி நாரை இழுத்துக் கட்டி ஒன்பது வாரம்.
மழித்த தொடையில் முடி முளைத்துவிட்டது,
சதை முளைக்கவில்லை.
அளவுநாடாவில் இடதுக்கும் வலதுக்கும்
நாலு சென்டிமீட்டர் வித்தியாசம்.

கண்ணாடித் தொட்டியின் கதவைச் சாத்துகிறேன்.
வெதுவெதுப்பாக ஏறுகிறது நீர்.
பாதம், கணுக்கால், முட்டி, இடுப்பு.
இருபத்துநாலு கிலோவில் பதினைந்தை
வாங்கி வைத்துக்கொள்கிறது.

இவள் அறிந்த நீரெல்லாம் கெட்டியானது.
ஏழு குளிர்காலம்
உறைந்த ஆற்றின் முதுகில் ஓடியவள்.
தன்னைத் தூக்கிக்கொள்ளும் நீரை
நம்பாமல் மோந்து பார்க்கிறாள்.

நடைப்பட்டையை ஓடவிட்டேன், மிக மெதுவாக.
அவள் நடக்கவில்லை.
பட்டை அவளைப் பின்னுக்குக் கொண்டுபோனது.
வால் கதவில் முட்டியதும்
இது எந்த ஊர் வழக்கம் என்பதுபோல் பார்த்தாள்.

ஈரல் பசை தடவிய கரண்டி: நக்கினாள், நின்றாள்.
கீச்சிடும் வாத்து: என்மேல் இரக்கப்பட்டாள்.
பதினோரு வருஷத்தில் நான் சேர்த்த கொஞ்சுமொழி அத்தனைக்கும்
ஒரு காதைத் திருப்பினாள்.

ஓரத்து நாற்காலியில் ஐலிஃப், மடியில் தொப்பி.
வந்ததிலிருந்து மூன்று சொல் பேசியிருப்பார்,
அதில் இரண்டு நாயிடம்.
இப்போது கேட்டார்:
"பின்னால் ஒன்றுமே இல்லையே அவளுக்கு?"

எனக்கு விளங்குவதற்குள்
வண்டிவரை போய்த் திரும்பியிருந்தார்,
மீன்நெய் நாற்றம் ஏறிய பழைய மார்வாரோடு.
விதிப்படி நான் மறுத்திருக்க வேண்டும்.
"இரண்டு விரல்," என்றேன்.
"அதற்குமேல் ஒரு கிராம் கூடாது."

சட்டைக் கையோடு நீரில் முக்கி மாட்டிவிட்டார்.
தொட்டிக்குப் பின்னால் முழங்காலிட்டு
கயிற்று நுனியை இரு விரலில் சுற்றி
மெல்லப் பிடித்தார்.

கயிறு விறைத்தது.
காதுகள் முன்னால் போயின.
தோள் தாழ்ந்தது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
முன்னிரண்டு எட்டு,
இடது பின்கால்,
பிறகு, நான் மூச்சை எங்கே வைத்தேனோ தெரியாது,
அந்த வலது பாதம்
நாலு விரலையும் விரித்து
முழுசாகப் பட்டையில் பதிந்தது.

மூன்று நிமிடம்.
எதிரே என் மேசை, ஒரு குழாய், ஈரத் துண்டுகள்.
அவள் அதையெல்லாம் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தாள்
ஓரடிகூட நகராமல்.

நிறுத்தினேன்.
இழுத்து வந்தது பத்திரமா என்று
திரும்பிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஒரு விரல் போதும்," என்றேன்.
ஐலிஃப் அதை அவளிடம் சொன்னார்.
அவள் உடம்பை உதறிய உதறலில்
என் குறிப்பேட்டில் இன்று எழுதியதெல்லாம் கலைந்துபோனது,
தேதியைத் தவிர.