காரணம்: ஒரு வரியில்

டேப்பின் ஒரு முனையைச் செவனன் பிடித்துக்கொண்டார்.
மறுமுனையோடு நான் ஓடைக்குள் இறங்கினேன்.
பதினோரு மீட்டர் நாற்பது.
அனுமதி வரைபடத்தில் பதினைந்து.
"அப்ப ஓடை அந்தப் பக்கம் இருந்துச்சு சார்."
பொய் என்று எழுதக் கை வரவில்லை.
குன்னூரில் சொன்ன இடத்தில் நிற்கும் ஓடையை
நானும் பார்த்ததில்லை.

மேலே புது ரிசார்ட்
ஓடையைக் குழாய்க்குள் போட்டு
அதன்மேல் கார் நிறுத்தியிருக்கிறது.
அங்கே எதிலிருந்து அளப்பது?

பாலிசி, ஆறாம் பக்கம்:
வெள்ளத்துக்கு உண்டு, மண்சரிவுக்கு இல்லை.
சமையலறைக்குள் வந்தது எது?
கிரைண்டர் மூழ்கச் சேறு.
சேற்றில் ஒரு தேயிலைச் செடி,
வேரோடு, துளிர்கூட வாடாமல்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தது
பேர் சொல்லிட்டா வரும்?"

ஒரு வாளி அள்ளி வைத்தேன்.
அவர் மனைவி தந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள்
மேலே நாலு விரல் தண்ணீர் தெளிந்துவிட்டது.
மீதியெல்லாம் மண்.

படிவத்தில் காரணத்துக்கு
ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள்.

செவனன் பார்க்காதபோது
கரண்டியால் ஒருமுறை நன்றாகக் கலக்கிவிட்டு
போட்டோ எடுத்தேன்.