தலைப்பெழுத்து

செவ்வாய் மாலை ஆறிலிருந்து எட்டுவரை
சலவை அறை எனக்கு.
பீல் நகரம், மட்ரேச் பகுதி,
எட்டு வீட்டுக்கு ஒரு இயந்திரம்,
ஒரு திறப்பு, சுவரில் ஒரு அட்டவணை.
மூடியைத் திறந்தால் உள்ளே
என்னுடையதல்லாத ஒரு சாம்பல்நிறக் காலுறை.
யாருடையதென்று கேட்டால் ஒரு மாதம் முறைப்பார்கள்.
கொடியில் போட்டேன்.

அப்போதுதான் தொலைபேசி.
திருமதி ஏஷ்லிமான்.
ஈமச்சேவை நிலையத்தார் என் எண்ணைக் கொடுத்தார்களாம்.
கணவரின் படத்தை நான்தான் ஏற்றியிருந்தேன்:
வெள்ளிக்கிழமை, இரண்டரை மணி, பூ வேண்டாம்.
எல்லாம் சரிதான் என்றார்.
ஆனால் மேலே, வலது மூலையில்,
உங்கள் கூடையில் மூன்று பொருட்கள் என்று நிற்கிறது.
அமத்திப் பார்த்தாராம்.
தடவித் தடவி வாசித்தார்:
மு. ருங். கைக். காய்.
நல்லெண்ணெய், ஐந்நூறு மில்லி.
அப்பளம், இரண்டு கட்டு.

"இதையெல்லாம் நான் கொண்டுவர வேண்டுமா?"

கேலி இல்லை.
வேண்டுமென்றால் கொண்டுவந்துவிடுகிற குரல்.

என்னத்தைச் சொல்ல?
ஒரே கணினியில் மூன்று தளம் வைத்திருக்கிறேன்,
சாவுக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று,
கார் பழக்கும் ரேட்டோவுக்கு ஒன்று.
முகவரி மூன்று. வாசல் மூன்று.
மளிகையின் நிரலைப் பிரதி எடுத்து
நிறத்தைக் கறுப்பாக்கினேன்,
உள்ளே செயலிக்கு வைத்த பெயரை
மாற்ற மறந்தேன்.
கணினி வாசலைப் பார்ப்பதில்லை,
பெயரைத்தான் பார்க்கும்.
பெயர் ஒன்றென்றால் வீடு ஒன்று,
வீடு ஒன்றென்றால் கூடையும் ஒன்று.
சொலத்தூர்னில் யாரோ சனிக்கிழமைச் சாம்பாருக்கு எடுத்துவைத்தது
செத்தவீட்டில் வந்து நின்றது.

பிழை, அம்மா, என்னுடையது என்றேன்.
சரி, அந்தக் காய் என்ன என்றார்.
சொன்னேன்: சப்ப வேண்டும்,
சப்பிவிட்டு சக்கையைத் துப்ப வேண்டும்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"வால்ட்டருக்குப் பிடித்திராது," என்றார்,
"மேசையில் துப்புவது."

இந்த நாட்டுக்கு வந்த புதிதில்
பதிவகத்தில் ஒருத்தி கேட்டாள்,
தயாபரிக்கு முன்னால் நிற்கிற க என்ன?
அப்பாவின் பெயர். கனகலிங்கம்.
அப்படியென்றால் அதுதான் உன் குடும்பப் பெயர்,
எழுதி முத்திரை குத்தினாள்.
இன்னாருடைய மகள் என்று
முன்னால் அடக்கமாய் நின்ற ஒற்றை எழுத்து
தபால்பெட்டி முழுக்கப் பரவி
தம்பி, தங்கை, நான், எல்லோரும் கனகலிங்கம் ஆனோம்.
பல் வைத்தியர் இன்றைக்கும் அந்தப் பெயரைக் கூப்பிட்டால்
ஒரு நொடி, அப்பா எங்கே இருக்கிறார் என்று பார்க்கிறேன்.

இரவு ஒவ்வொரு மாறிக்கும் தலைப்பெழுத்துப் போட்டேன்.
மளிகைக்கு ம. ரேட்டோவுக்கு ரே.
ஈமச்சேவைக்கு ஈ போட்டு, யோசித்து,
கூடையையே அழித்தேன்.
செத்தவர்களுக்கு எதற்கு?
இரண்டு பத்துக்குக் கணினியை நிறுத்தி எழுப்பினேன்.
நினைவு துடைத்துக்கொண்டு எழும்பியது.
சொலத்தூர்ன்காரரின் முருங்கைக்காயும் அதோடு போயிற்று.
மன்னிக்கவும், யாரோ.
காலுறை கொடியிலேயே கிடந்தது.

வியாழன் காலை மளிகைக்கு ஒரு ஓடர்:
முருங்கைக்காய், ஒன்றே ஒன்று.
பெயர்: வ. ஏஷ்லிமான்.
ஈமப் பக்கத்தில் மனைவி பெயர் வெரேனா,
தட்டச்சு செய்தது நான்தான்.
வெரேனா, வால்ட்டர்,
தமிழில் இரண்டுக்கும் ஒரே வ.
அவர்கள் எழுத்தில் வேறு வேறு.

வந்திருந்தது வால்ட்டருடையது.
திருத்தாமல் கடைக்கு அனுப்பினேன்.