ஓ.டி.

திருப்பாப்புலியூர் நிலையத்தில் நடத்துனர்
"ஓ.டி., ஓ.டி., சிப்காட்" என்று கூவினால்
அது முதுநகர்.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில்
நிலோஃபர் பலகையில் எழுதினால்
அது வேறு:
வால்வு, பம்பு, கொதிகலன்,
அவற்றின் காதில் ஓதிக்கொண்டே இருக்கும் கணினி.
முதல் நாள் தனவேல் கேட்டான்,
"பழைய ஊருக்கு எதுக்கு மேடம் சைபர் பாதுகாப்பு?"
நாங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.
"அதுக்கும்தான் வேணும்."

ஒன்பது பேர்.
ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் விரல்களில்
கையுறை மாவு ஒட்டியிருக்கும்.
ஏடிஎம்மில் பணம் நிரப்பும் வண்டிக்குக் காவல் இருந்த ஜோசப்ராஜ்.
தேர்வுக் கட்டணம் டாலரில் என்பதால்
சீட்டுப் பணத்தை ஒதுக்கிவைத்திருக்கும் சத்தியபாமா.
நான் கட்டுப்பாட்டு அறை, ஒப்பந்தம்,
பதினோரு வருடமாகத் தற்காலிகம்.
சொல்லித்தருகிறவளுக்கு இருபத்துநாலு,
ஏறக்குறைய என் மீசையின் வயது.

கசிவு என்றால் எங்களுக்குத் தெரியும்.
அழுகிய முட்டை வாடை வந்தால் ஒரு பிளாண்ட்,
அளவு மீறிக் கனிந்த பழமென்றால் அடுத்தது.
குடிகாட்டில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும்
காற்றை மோந்து கதவைச் சாத்தும்.
"இதுக்கு வாடை கிடையாது" என்றாள்.
"உள்ளே வந்தவன் ஆறு மாசம் உட்கார்ந்திருப்பான்,
உங்க நாற்காலியில், உங்க பேரில்,
நீங்க டீக்குப் போற நேரத்தைப் பழகிக்கிட்டு."
அன்று இரவு ஷிப்டில்
என் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன்.
சூடாக இருந்தது.
எழுந்தவன் நான்தான்.

லாக் என்பது பதினாயிரம் வரி,
படித்தால் கண்ணில் மணல்.
எங்கள் பிளாண்டின் பழைய லாக் ஒன்றில்
அதிகாலை 02:14க்கு 'அட்மின்' உள்ளே வந்திருந்தார்.
எல்லோரும் தாண்டிப் போனார்கள். நான் நின்றேன்.
அட்மின் என்றால் மணவாளன் சார்.
அவருக்குச் சர்க்கரை. ஒன்பதரைக்கு மாத்திரை போட்டால்
சங்கு ஊதினாலும் எழமாட்டார்.
எந்தப் பாடத்திலும் இல்லாத இதை
நிலோஃபர் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.
விசாரித்ததில் அது பேக்கப் மென்பொருள்.
இருந்தாலும் கேட்டது சரி என்றாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மெயில்:
"ஷிப்டு படி நிலுவை. பட்டியலில் உங்கள் பெயர்."
அழுத்திவிட்டேன்.
ஐந்து மாத அரியருக்குக் காத்திருந்த விரல்,
பாடம் எங்கே ஞாபகம் வரும்.
திரையில் சிவப்பாக: இது பயிற்சி.
முதல் நிமிடம் திரையை அணைத்தேன்.
இரண்டாவதில், யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன்.
மூன்றாவதைச் சொல்ல மாட்டேன்.
நான்காவதில் உள்தொலைபேசியை எடுத்து
"நான்தான் அழுத்தினேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பலகையில்
அழுத்தியவர் 31. சொன்னவர் 1.
பெயர் போடவில்லை. தனவேல் விலாவில் இடித்தான்.
"இந்த ஒண்ணுதான் வேலைக்கு வேணும்" என்றாள்.
எனக்குக் கோபம்தான் வந்தது.
"படிக்காசைத் தூண்டிலில் வைக்கலாமா?"
"அவன் வைப்பான்."
"நீங்க வைக்கலாமா?"
மின்விசிறி மட்டும் சுற்றியது.
பிறகு பேனாவை நீட்டினாள்,
அடுத்த மெயிலை நீங்க எழுதுங்க.

கெடிலம் பாலத்தில் பேருந்து நிற்கிறது.
முன் சீட்டுப் பெண்ணுக்கு மகனின் கலந்தாய்வு முடிவு,
கம்பியைப் பிடித்தவருக்குப் புயல் நிவாரணப் பட்டியல்,
தூங்குகிறவனுக்குச் சிங்கப்பூர் விசா.
எதற்கு எவர் கை நீளும் என்று
முகத்திலேயே தெரிகிறது.
இதையும் கற்றுக்கொண்டுவிட்டேன் என்பது
எனக்குப் பிடிக்கவில்லை.
தாளில் இதுவரை ஒரே சொல்: அன்புள்ள.
நடத்துனர் வந்துவிட்டார்.
ஓ.டி. என்கிறேன்.
எது என்று அவர் கேட்பதில்லை.