தலை எண்ணிக்கை

தென்காற்று அடிக்காத நாளில்தான்
படகை எடுப்பேன்.
யோனாகுனித் தீவின் தெற்குக் கரை,
நீரோட்டம் நங்கூரக் கயிற்றைப்
பல்லால் கடித்து இழுக்கும் இடம்.
என் பெயர் மைதோமாரி சிஸு.
உருளைகளில் காற்று நிரப்புவேன்,
ஆட்களை இறக்கிவிடுவேன்,
திரும்ப எண்ணி ஏற்றிக்கொள்வேன்.

அது கீழே கிடக்கிறது.
கோயில் என்பார்கள், கோட்டை என்பார்கள்,
மூழ்கிய நகரம் என்பார்கள்,
போங்கய்யா, பாறை என்பார்கள்.
டீசல் கணக்கு நோட்டில் நான் அதை
"தெற்கு, நாற்பது நிமிடம்" என்று எழுதுகிறேன்.

காலையில் வருபவர் ஹெந்தோனா,
பாலம் கட்டி ஓய்வுபெற்றவர்.
ஈர உடைக்குள் ஒரு பிளாஸ்டிக் மூலைமட்டம்.
"கடலுக்குச் செங்கோணம் யார் சொல்லிக்கொடுத்தது?"
என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் குதித்துவிடுவார்.

மதியம் நிஷிகோரி, நிலவியல் படித்தவர்.
சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு மணற்கல்.
"அடுக்கு மேல் அடுக்கு. நிலம் உதறினால்
பிஸ்கட் மாதிரி நேராக உடையும். உடைத்துப் பாருங்கள்."
உடைத்தேன்.
நேராகத்தான் உடைந்தது.
அதை வைத்துத்தான் இன்றும்
கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

இருவருக்கும் ஆமாம் போட்டேன்.
வாடகை ஒன்றுதானே.

ஒருநாள் அடுத்த படகு பழுதாகி
இருவரும் என் படகில்.
மூலைமட்டம் இங்கே, மணற்கல் அங்கே,
குரல் ஏற ஏற அலையும் ஏறியது.
பிறகு இருவரும் ஒரே பக்கம் சாய்ந்து
வாந்தி எடுத்தார்கள்,
ஒருவர் காலரை மற்றவர் பிடித்துக்கொண்டு.
கூட்டமாய் வந்த மீன்கள்
எது யாருடையது என்று பார்க்கவில்லை.

நங்கூரம் சிக்கிய ஒரு மாலை
நானே இறங்கினேன்.
படிகள் என்கிறார்களே, ஒவ்வொன்றும்
என் மார்பு உயரம்.
யார் ஏறுவதற்கு?
விளிம்பைக் கையால் தடவினேன்.
உளித் தடம் இல்லை.
உளித் தடத்தை விழுங்கியிருக்கக்கூடிய பாசி இருந்தது.
விழுங்க எதுவுமே இல்லாமலும்
பாசி அப்படித்தான் வளரும்.
நங்கூரத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

மேற்கே, குபுரா ஊருக்கு அப்பால்
நிலத்திலேயே ஒரு பிளவு இருக்கிறது.
அதைப் பார்க்க மூலைமட்டம் யாரும் கொண்டுவருவதில்லை.
பூமி பிளந்தது; வழக்கு ஏதுமில்லை.
தலைவரி வாங்கிய காலத்தில்
தலைகள் பெருகக் கூடாதென்று
வயிற்றுப்பிள்ளையோடு இருந்தவர்களை
அதைத் தாண்டச் சொன்னார்களாம்.
சொல்கிறார்கள். தாள் எதிலும் நான் படித்ததில்லை.

என் மகன் ஏழு மாதமாய் உள்ளே இருந்தபோது,
பிரசவத்துக்காக இஷிகாகிக்கு
விமானம் ஏறும் முந்தின நாள்,
அங்கே போய் நின்றேன்.
அகலத்தைக் கண்ணால் அளந்தேன்.
எங்கிருந்து ஓடிவந்திருப்பார்கள் என்று
திரும்பிப் பார்த்தேன்:
புல், ஆட்டுப் புழுக்கை, ஒரு குதிரை.
கால் தானாக ஓர் அடி பின்னால் போனது.

பிளவு நிலத்தின் வேலை.
"தாண்டு" என்பது?

இதை ஹெந்தோனாவிடம் கேட்கவில்லை.
நிஷிகோரியிடமும் கேட்கவில்லை.
அவர்கள் கீழே இருக்கிறார்கள் இப்போது,
இருபது மீட்டர் ஆழத்தில்
ஒரே பாறையைச் சுற்றி
ஆளுக்கொரு பக்கம் குமிழி விட்டுக்கொண்டு.
நான் எஞ்சினை அணைத்துவிட்டு
நீர்ப்பரப்பைப் பார்க்கிறேன்.

ஆறு பேர் இறங்கினார்கள்.
நான்கு தலை.
ஐந்து.

ஐந்து.