நடுவில் எழுந்தது எத்தனை முறை

வியாழன் மாலை ஆறரைக்கு
எனக்குத் தூக்கம் சொல்லித்தர
வேலூரிலிருந்து ஒரு மேடம் வருவார்,
கைபேசிக்குள்.
பெயர் மெஹருன்னிசா.
என் மூத்த மகளைவிட நாலு வயது சின்னவர்.

சேராங்கோட்டையில் சிக்னல் நிற்பது
கருவாட்டுக் கொட்டகைக்குப் பின்னால்தான்.
வலைக் குவியல் மேல் உட்கார்ந்து
கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு
"சொல்லுங்க மேடம்" என்பேன்.
அவர் வாயைத் திறக்கும்போது
அக்கரை டவர் பிடித்து இழுத்துவிடும்:
இலங்கைக்கு நல்வரவு.
முகம் கட்டம் கட்டமாய் உடைந்து நிற்கும்.

முதல் வாரம் ஒரு தாள் அனுப்பினார்.
படுத்தது எப்போது.
கண் அயர்ந்தது எப்போது.
நடுவில் எழுந்தது எத்தனை முறை.
கடைசியில் சின்னதாக ஒரு கட்டம்:
எத்தனை கிளாஸ்.

இரண்டு என்று எழுதினேன்.
பதினேழு வருஷம் ரிப்போர்ட் எழுதிய கை.
எல்லாம் சரி என்று எழுத
அதற்கு யாரும் பழக்கிவிட வேண்டியதில்லை.

மாசம் ஒருமுறை பாம்பன் பாலம் தாண்டி
ராமநாதபுரம் கேன்டீனுக்குப் போவேன்.
சோப்பு, ஹார்லிக்ஸ், ரம்.
சோப்பை எண்ணி வாங்கிக்கொள்வாள் சகாயமேரி.
மற்றதை எண்ணமாட்டாள்.

ரம் தூங்கவைக்கும், பொய்யில்லை.
பத்து மணிக்குச் சாய்த்துவிட்டு
இரண்டே முக்காலுக்கு வந்து தோளை உலுக்கும்,
டியூட்டி மாற்ற வந்தவன் மாதிரி.
வெளியே கொண்டல் காற்று.
டார்ச்சோடு வீட்டைச் சுற்றி வருவேன்.
எங்காவது தகரம் தட்டினால் குந்திவிடுவேன்.
தெருநாய் ஒன்று கூடவே வரும்,
நான் குந்தினால் அதுவும் குந்தும்.

மேடம் சட்டம் போட்டார்.
ஒரு மணிக்கு முன் படுக்கக் கூடாது.
ஐந்தரைக்கு மேல் கிடக்கக் கூடாது.
இருபது நிமிஷத்தில் வராவிட்டால்
பாயை விட்டு எழுந்துவிட வேண்டும்.
தூக்கம் வராதவனுக்கு வைத்தியம்
தூக்கத்தைக் குறைப்பதாம்.
"இத நான் சொன்னா கேட்டிருப்பியா" என்றாள் சகாயமேரி.
ரேஷன் என்றால் எனக்குப் புரியும்.
சரி என்றேன்.

நாலாம் வாரம் கேட்டார்,
"முழிச்சதும் முதல்ல என்ன தோணும்?"
காற்று என்றேன். அலை என்றேன்.
போட்டு இன்ஜின் சத்தம் என்றேன்.
சிக்னல் போகட்டும் என்று காத்திருந்தேன்.
அன்றைக்குப் பார்த்து
அது அசையவே இல்லை.

சுதாம் என்று ஒரு ஒடிசாக்காரப் பையன்.
மேலே போஸ்ட்டில், பனியில்,
காய்ச்சலோடு சென்ட்ரி நின்றான்.
போய்ப் படுடா,
உன் ரெண்டு மணி நேரத்தையும் நானே நிக்கிறேன் என்றேன்.
படுத்தான்.
சரிவு வந்தது
படுத்தவர்கள் இருந்த பக்கம்.

இதை எழுதக் கட்டம் இல்லையே மேடம் என்றேன்.
அவர் பேசவில்லை.
குறித்துக்கொள்ளவும் இல்லை.
அவர் பக்கத்தில் ஒரு ஃபேன் மட்டும் ஓடியது.
பிறகு
"எத்தனை கிளாஸ்?" என்று கேட்டார்,
இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்பதுபோல.
ஆறு.
ரெண்டு என்று எழுதியதெல்லாம்
ஆறு, ஆறு, அஞ்சு, ஆறு.

ஒன்பதாம் வாரம், செவ்வாய்.
கிளாஸ் ஒன்று.
படுத்தது ஒன்றே கால்.
எழுந்தது ஐந்தரை,
அதுவும் கரைவலை இழுப்பவர்கள் போட்ட கூச்சலில்.
நடுவில்
என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
எனக்குத் தெரியாது.
காற்று எந்தப் பக்கம், தெரியாது.
வீட்டை யார் பார்த்தார்கள், தெரியாது.
நாய் தனியாகச் சுற்றியிருக்கும்.
"என்னா கொறட்டை" என்றாள் சகாயமேரி,
புகார் கொடுப்பவள் மாதிரி,
ஆனால் இன்னொரு டீ போட்டாள்.

புதன் கேன்டீன் நாள்.
நாலு.
நாலு என்றே எழுதினேன்.
மூன்று மணிக்கு உலுக்கியது.
டார்ச்சை எடுக்கவில்லை.
வாசல்படியில் உட்கார்ந்து
மேடம் சொன்ன இருபது நிமிஷத்தைக் கடத்தினேன்.
கடலில் வல்லத்து விளக்குகள் பதினொன்று.
நாய் வந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.
மடியில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது:
நல்வரவு.