நூலளவு

எம்.சி. ரோட்டில் செருப்புக்கடைக்கு மேல் மாடி.
டோக்கன் ஒன்று இருபது ரூபாய், ஆறாக வாங்கினால் நூறு.
சில்லறைக் கூண்டுக்குள் நான்.
எதிரே கண்ணாடிப் பெட்டியில்
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கரடிகள்,
கடை சாத்திய பிறகும் அணையாத ஊதா வெளிச்சத்தில்.

பின்கதவைத் திறந்து முதலாளி காட்டியிருக்கிறார்:
பதினேழு தபா சோம்பல்,
பதினெட்டாவது தபா இரும்பு.
"கை நடுங்கிடுச்சுன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க சுகந்தி,
நாம ஒண்ணும் சொல்ல வேணாம்."

மூன்று விரல் கொக்கி இறங்கும்.
கரடியின் தலையைத் தொடும், இறுக்கும்,
தூக்கவும் தூக்கும்.
தூக்குவதில்தான் விஷயமே.
தூக்காமலே இருந்தால் இரண்டாவது டோக்கனை யார் போடுவார்கள்?
ஓட்டையின் விளிம்புவரை கொண்டுபோய்
ஏதோ ஞாபகம் வந்ததுபோல் விரலைத் தளர்த்தும்.
"ச்சே, நூலளவு" என்பார்கள்.
அந்த நூலில் தொங்குகிறது கடை வாடகை,
என் சம்பளம்.

ஞாயிறு மாலை அருளப்பன் வந்தார்.
பெயர், சட்டைக்கு வெளியே தொங்கிய துறைமுக அட்டையில்.
கொருக்குப்பேட்டை கேட்டில் அரைமணி நின்ற வியர்வை.
கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலையாம்.
"நாப்பது டன் பெட்டி, மயிரளவு நகராது"
மகளிடம் சொல்லிக்கொண்டே கைப்பிடியைத் தொட்டார்.
பெனிட்டா கேட்டது மஞ்சள் கரடி.
கண் ஒட்டிய பசை அதன் மூக்குவரை வழிந்திருப்பது
இந்த வெளிச்சத்தில் தெரியாது.
சவுகார்பேட்டையில் டஜன் எழுநூற்று இருபது.

பக்கவாட்டில் போய்க் குனிந்து பார்த்தார்.
கொக்கியின் ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தார்.
மகளை ஓட்டைப் பக்கம் நிறுத்தி
"நேரா இருக்கா, சொல்லு" என்றார்.
தொழில் தெரிந்த ஆள்.
அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு முன்னால் ஐந்து. அவர் பன்னிரண்டு.
இந்தக் கூட்டல் தூக்கத்திலும் எனக்கு ஓடும்.
பர்ஸைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.
"அப்பா கைதான் சரியில்ல கண்ணு."

கப்பல் கப்பலாய் இரும்பை இறக்கி வைக்கும் கை.

ஒரு விரல் காட்டியிருந்தால் போதும்,
இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று.
சைகையில் பிழைக்கிறவருக்குப் புரிந்திருக்கும்.
என் பையிலேயே இருபது ரூபாய் இருந்தது.
தலைக்கு மேல் கேமராவும் இருந்தது.
நான் நாணயம் அடுக்கினேன்.

அவர்கள் படி இறங்குவதற்குள்
ஐஸ் வழியும் கையோடு ஒரு பையன் ஏறி வந்தான்.
கீழே செருப்பு வாங்கியதற்கு இனாமாய்த் தந்த ஒற்றை டோக்கன்.
பெட்டிக்குள் பார்க்கக்கூட இல்லை, பட்டனைக் குத்தினான்.
பொத்தென்று விழுந்தது மஞ்சள்.
"எனக்கு நீலம்தான் வேணும்" என்று அழுதான்.

விழுந்த சத்தத்துக்கு ஆட்கள் திரும்பினார்கள்.
கூண்டுக்கு முன் வரிசை.
ஆறு டோக்கன், ஆறு டோக்கன் என்று நீளும் கைகள்.
கொக்கி மறுபடி இறங்கியது.
ஒன்று, என்று எண்ணத் தொடங்கினேன்.